செறிவான சலவைத் திரவத்துக்கு மாறும் மளிகைக் கடை: பாதி போத்தல், அதே சலவை?

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் மளிகைக் கடை நடத்துகிறீர்கள். இனிமேல் 3.6 கிலோ சாதாரணச் சலவைத் திரவம் வராது, அதற்குப் பதிலாக 1.8 கிலோ செறிவான போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் உங்கள் மொத்த வியாபாரி. விலையோ பழையதைவிட இரண்டு ரிங்கிட் கூட. ‘பாதி சாமானுக்கு முழு விலையா?’ என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தால் என்ன சொல்வது, மாறலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. சின்னப் போத்தலில் இருப்பது பெரிய போத்தலின் வேலையைச் செய்யுமா என்பது ஒன்று. செய்யும் என்றால் அது உங்கள் வாடிக்கையாளர் வீட்டிலும் அப்படியே நடக்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு, ஒழுங்கான தயாரிப்பாளரின் சரக்காக இருந்தால், ஆம் என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவது, அவர் மூடியில் எத்தனை மில்லி ஊற்றுகிறார் என்பதை மட்டுமே பொறுத்தது. கடைக்காரருக்கு வேலை இருப்பது அங்கேதான்.

முதலில் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாதாரணச் சலவைத் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர். பல தயாரிப்புகளில் முக்கால் பாகம்வரை. அழுக்கை எடுக்கும் சவர்க்காரப் பொருள் பத்திலிருந்து இருபது விழுக்காடு. மீதி கறையை அரிக்கும் நொதிகள் (என்சைம்), வெண்மையூட்டி, வாசனை, பதனப்பொருள், நிறம். செறிவான வகையில் அந்தச் சவர்க்காரப் பொருளை ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏற்றி, தண்ணீரைக் குறைக்கிறார்கள். தூளிலும் இதே கதைதான், அங்கே தண்ணீருக்குப் பதில் சோடியம் சல்பேட். மலிவான தூள்களில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல், இந்த உப்புதான் இருக்கும். தூள் கட்டிப்போகாமல் உதிர்வதற்கும் பொட்டலம் பெரிதாகத் தெரிவதற்கும் அது உதவும். துணியிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை அது எடுக்காது. ஆகவே போத்தல் பாதியானதால் சலவை பாதியாகிவிடாது. இதில் சந்தேகம் வேண்டாம்.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. போத்தலில் ‘பெக்காட்’ (மலாயில் ‘செறிவானது’) என்றோ ‘அல்ட்ரா’ என்றோ அச்சடித்திருப்பதை வைத்து எத்தனை மடங்கு செறிவு என்று முடிவு செய்ய முடியாது. திரவம் கெட்டியாக ஊற்றுவதும் அடையாளமல்ல. சோடியம் லாரத் சல்பேட் என்ற சவர்க்காரப் பொருளின் நீர்த்த கரைசலில் கொஞ்சம் சாதாரண உப்பைக் கலந்தாலே தேன்போலக் கெட்டியாகிவிடும். கேலன் கணக்கில் பெயரில்லாமல் விற்கும் திரவங்களில் பல இப்படிக் கெட்டியாக்கப்பட்டவைதான். மாறாக, நல்ல செறிவான திரவம் சில சமயம் பழையதைவிட இளக்கமாகவே இருக்கும். நம்பக்கூடிய அளவுகோல் ஒன்றே ஒன்று: 7 கிலோ துணிக்கு எத்தனை மில்லி போடச் சொல்கிறார்கள் என்று பின்பக்கத்தில் இருக்கும் வரி. பழைய போத்தலில் 80 மில்லி என்றும் புதியதில் 40 என்றும் இருந்தால் அது செறிவானது. புதியதிலும் 70, 75 என்றிருந்தால் போத்தல்தான் சின்னதாகியிருக்கிறது, விலை ஏறியிருக்கிறது. அந்தச் சரக்கை எடுக்காதீர்கள். அளவே அச்சடிக்காத போத்தலையும் எடுக்காதீர்கள்.

உங்கள் கணக்கை எடுத்துக்கொள்வோம். விலை உதாரணத்துக்குத்தான், உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். திரவம் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, அதனால் 3.6 கிலோ என்பது சுமார் 3.45 லிட்டர். துவைப்புக்கு 80 மில்லி என்றால் 43 துவைப்பு. 24 ரிங்கிட் போத்தலுக்கு ஒரு துவைப்பு 56 சென். புதிய 1.8 கிலோ ஏறக்குறைய 1.7 லிட்டர், 40 மில்லி வீதம் 42 துவைப்பு. விலை 26 ரிங்கிட் என்றால் ஒரு துவைப்பு 62 சென். வித்தியாசம் ஆறு சென். நொதியும் நல்ல சவர்க்காரப் பொருளும் கூடுதலாக இருந்தால் அந்த ஆறு சென் நியாயமே. ஆனால் வாடிக்கையாளர் பழக்க தோஷத்தில் 80 மில்லியே ஊற்றினால் 21 துவைப்பில் போத்தல் காலி. ஒரு துவைப்பு 1 ரிங்கிட் 24 சென். அவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து ‘இது சீக்கிரம் தீர்ந்துபோகிறது’ என்று சொல்வார். அவர் சொல்வதும் பொய்யல்ல.

தூளில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. சாதாரணத் தூள் காற்றோட்டமானது. 100 மில்லி பிடிக்கும் கரண்டியில் சுமார் 40 கிராம்தான் இருக்கும். செறிவான தூள் நெருக்கமானது; அதே கரண்டியில் 75 கிராம்வரை பிடிக்கும். முன்பு இரண்டு கரண்டி, அதாவது 80 கிராம் போட்டவர் இப்போதும் இரண்டு கரண்டி போட்டால் 150 கிராம். தேவையோ 40 கிராம். இரண்டு மடங்கு என்று நினைத்தது நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. பழைய பொட்டலத்தின் கரண்டியைத் தூக்கி எறியச் சொல்லுங்கள். செறிவான தூளோடு வரும் சின்னக் கரண்டி காரணத்தோடுதான் சின்னதாக இருக்கிறது. 1987ல் ஜப்பானில் காவோ நிறுவனம் ‘அட்டாக்’ என்ற செறிவான தூளை, பருத்தி இழையில் வேலை செய்யும் செல்லுலேஸ் நொதியோடு கொண்டுவந்தபோது, இந்தச் சிறிய அளவுக்கு மக்களைப் பழக்கியதும் சேர்ந்துதான் அது வெற்றி பெற்றது.

அளவு கூடிப்போனால் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். பணம் வீணாவது மட்டுமல்ல. முன்பக்கக் கதவு உள்ள மெஷினில் நுரை அதிகமானால் துணி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அடிபடுவது குறைந்து, அழுக்கு சரியாக வெளியேறாது. நுரையை உணரும் மெஷின் தானாகவே கூடுதலாக அலசும். நேரமும் தண்ணீரும் போகும். சில மெஷின்கள் சுழற்சியையே நிறுத்திவிடும். அலசலில் முழுவதும் போகாத சவர்க்காரம் துணியில் தங்கி, துவாலை விறைத்துப்போகும், கழுத்துப்பட்டியிலும் அக்குளிலும் அரிக்கும். அதன்மேல் துணி மென்மையாக்கியும் சேர்ந்தால் இரண்டும் கலந்து சாம்பல் நிறப் பிசுக்காகத் தொட்டியின் வெளிப்புறத்தில் படியும். பூஞ்சை வளர்வதும், துவைத்த துணியிலேயே முடை நாற்றம் வருவதும் அதில்தான். மழைக்காலத்தில் அடுக்குமாடி வீட்டுப் பின்கட்டில் இரண்டு நாள் காயாமல் தொங்கும் துணிக்கு இந்தப் பிசுக்கு போதும். அளவு கூடுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. துவைத்துக் காய்ந்த நான்கு துவாலைகளை எடுத்து, சவர்க்காரம் எதுவும் போடாமல் ஒரு துவைப்பு ஓடவிடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டினால் அது முழுவதும் பழைய துவைப்புகளின் மிச்சம். நுரை நிற்கும்வரை வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஓடவிட்டுவிட்டு, பிறகு சரியான அளவில் தொடங்கலாம்.

நம் ஊர்த் தண்ணீரும் இங்கே முக்கியம். பினாங்குக்கு வரும் குழாய் நீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்று நீர். நம் ஊர் ஆற்று நீர் பொதுவாக மென்னீர், அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகும் செறிவான போத்தல்களில் மென்னீர், நடுத்தரம், கடினநீர் என்று மூன்று அளவு போட்டிருப்பார்கள். நமக்கு மென்னீர் வரிசைதான் பொருந்தும். நடு வரிசையைப் பார்த்து ஊற்றுபவர் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் ஊற்றுகிறார். கிணற்று நீர் பயன்படுத்தும் வீடுகளுக்கு இது பொருந்தாது. அங்கே நீரின் தன்மை வீட்டுக்கு வீடு மாறும். குழாய் நீரின் சூடும் நமக்குச் சாதகம். நம் குழாய் நீர் 27, 28 பாகை செல்சியஸ். குளிர்நாட்டுக் குளிர்ந்த நீரைவிட இதில் நொதிகள் நன்றாகவே வேலை செய்யும். சுடுநீர் இல்லாததால் செறிவான வகை இங்கே கரையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூள் மட்டும் துணியின் மடிப்பில் சிக்கினால் வெள்ளைத் திட்டாக நிற்கும். மேலே திறக்கும் மெஷினில் தண்ணீர் கால் பாகம் நிறைந்ததும் தூளைப் போட்டு, ஒரு நிமிடம் சுழலவிட்டு, பிறகு துணியைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. செறிவான திரவத்தைக் காய்ந்த துணிமேல் நேரடியாக ஊற்றுவதும் கூடாது. அதிலுள்ள நிறமும் வெண்மையூட்டியும் அந்த இடத்தில் மட்டும் ஏறித் திட்டு விழும்.

இப்போது உங்களைப் போன்ற கடைக்காரர்கள் அடிக்கடி செய்யத் துணியும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செறிவானதை வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பழைய பெரிய போத்தலில் ஊற்றி விற்றால் என்ன? வாடிக்கையாளருக்குப் பழகிய அளவே போதுமே என்று தோன்றும். தயவு செய்து செய்யாதீர்கள், வீட்டில் கலந்து வைத்துக்கொள்ளவும் சொல்லாதீர்கள். சவர்க்காரப் பொருள்கள் தண்ணீரில் சீராக நீர்த்துப்போவதில்லை. சோடியம் லாரத் சல்பேட்டைத் தொழிற்சாலைக்கு 70 விழுக்காட்டுக் களிம்பாகவோ 28 விழுக்காட்டுக் கரைசலாகவோதான் அனுப்புகிறார்கள், ஏனென்றால் இடைப்பட்ட அளவில் அது கரண்டி நிற்கும் கூழாக உறைந்துவிடும். செறிவான போத்தலில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவற்றைச் சேர்த்துத்தான் அதை ஊற்றும் பதத்தில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தண்ணீர் விட்டால் அந்தச் சமநிலை கலையும். ஒரு தயாரிப்பு கட்டியாகும், இன்னொன்று இரண்டு அடுக்காகப் பிரியும், மூன்றாவது ஒன்றும் ஆகாததுபோல் நிற்கும். ஒன்றும் ஆகாததுபோல் நிற்பதில்தான் ஏமாற்றம் அதிகம். பதனப்பொருள் பாதியாக நீர்த்துப்போன திரவத்தில் நம் வெப்பத்துக்குக் கிருமி வளர்ந்து புளித்த வாடை வரும். நொதிகளின் கதை இன்னும் மோசம். போத்தலுக்குள் தண்ணீர் குறைவாக இருப்பதாலும் நிலைப்படுத்திகள் இருப்பதாலும்தான் புரதம் அரிக்கும் நொதி அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் கூடினால் அது விழித்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் மற்ற நொதிகளையும் தன்னையுமே அரித்துத் தீர்க்கத் தொடங்கும். சில வாரங்களில் கறை எடுக்கும் சக்தி மறைந்துபோகும்; நுரையும் வாசனையும் அப்படியே இருப்பதால் யாருக்கும் தெரியாது. மெஷினுக்குள் போகும் தருணத்தில் தண்ணீரில் கரைப்பதில் தவறில்லை. கரைத்துச் சேமித்து வைப்பதுதான் தவறு.

நம் வீடுகளுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. நொதியுள்ள செறிவான திரவத்தில் பட்டுச் சேலையும் பட்டு வேட்டியும் ஊறக்கூடாது. பட்டு ஒரு புரதம். இறைச்சிக் கறையையும் ரத்தக் கறையையும் அரிக்கும் அதே நொதி பட்டிழையையும் தொடும். ஒரே துவைப்பில் கிழியாது, ஆனால் பளபளப்பு மங்கி இழை தளர்ந்துபோகும். தைப்பூசம், தீபாவளி முடிந்து துணி மூட்டை மெஷினுக்குப் போகும் வாரத்தில் இதை வாடிக்கையாளரிடம் சொல்லி, நொதியில்லாத மென்மையான திரவம் ஒன்றைக் காட்டுங்கள். மங்கிய வெண்ணிறக் கைத்தறி வேட்டி வெண்மையூட்டி உள்ள திரவத்தில் துவைத்தால் நாளடைவில் நீலம் பாய்ந்த வெள்ளையாக மாறும். அது அழுக்கு போனதல்ல, சாயம் ஏறியது; திரும்பி வராது. மஞ்சள் கறை வேறு விஷயம். சமையல் மஞ்சள் பட்ட இடத்தில் தூள் பட்டதும் கறை சிவந்துபோகும், உடனே ‘புதுத் தூள் துணியைக் கெடுத்துவிட்டது’ என்று புகார் வரும். தூளின் காரத்தன்மைக்கு மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும், பழைய தூளிலும் மாறியிருக்கும். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். அந்த மஞ்சளை வெயில் எடுத்துவிடும். ஈரத்தோடு வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காயப்போடச் சொல்லுங்கள்.

செறிவான தூள் துணியையே ஓட்டையாக்கும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1994ல் யூனிலீவர் ஐரோப்பாவில் கொண்டுவந்த ‘பெர்சில் பவர்’ என்ற தூளில் மாங்கனீசு கலந்த வினையூக்கி இருந்தது. அது சில சாயங்களோடு சேர்ந்து துணியை இற்றுப்போகச் செய்தது. அடுத்த ஆண்டே அந்தத் தூளைக் கைவிட்டார்கள். கெடுத்தது அந்த வினையூக்கி, செறிவு அல்ல. இன்று உங்கள் அலமாரிக்கு வரும் போத்தலை அதோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை.

இனி கடைக்குள் வருவோம். செறிவான வகைக்கு மாறிய கடைகள் எங்கே தடுக்கி விழுகின்றன என்பதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. சின்னப் போத்தல் பெரிய போத்தலின் பக்கத்தில் நின்றால், எத்தனை விளக்கம் சொன்னாலும் கை பெரியதைத்தான் எடுக்கும். எந்தத் தயாரிப்பாளரும் தனியாக மாறத் தயங்கியது இதனால்தான். அமெரிக்காவில் வால்மார்ட் 2007 செப்டம்பரில், இனித் தன் கடைகளில் செறிவான சலவைத் திரவம் மட்டுமே விற்பேன் என்று அறிவித்து, 2008 மே மாதத்துக்குள் எல்லாக் கிளைகளிலும் மாற்றிமுடித்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய போத்தல் அங்கே இல்லாமல்போனது. தயாரிப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து மாறினார்கள். உங்கள் கடைக்கு அந்தப் பலம் இல்லை, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பேரங்காடியில் பெரிய போத்தல் இன்னும் நிற்கும். ஆனால் உங்கள் அலமாரியில் அந்த ஒப்பீட்டைத் தவிர்க்கலாம். பழைய சரக்கை முழுவதும் விற்றுத் தீர்த்துவிட்டுப் புதியதை அடுக்குங்கள். இரண்டும் சில வாரம் சேர்ந்து நிற்க வேண்டிய கட்டாயம் என்றால் வேறு வேறு தட்டில் வையுங்கள். விலைச்சீட்டில் கிலோவைப் பெரிதாக எழுதாமல், ‘42 துவைப்பு, ஒரு துவைப்பு 62 சென், 40 மில்லி மட்டும்’ என்று எழுதுங்கள். பழைய போத்தலுக்கும் அதேபோல் எழுதுங்கள், அதுதான் நேர்மை. தமிழோடு மலாயும் சீனமும் இருக்கட்டும்.

எழுதுவதைவிடப் பலனுள்ளது ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு மாதம், செறிவான போத்தல் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவுக் குவளை கொடுங்கள். பிள்ளைகளின் இருமல் மருந்தோடு வருவதுபோன்ற, ஆனால் 40 மில்லிக்கு மேல் பிடிக்கும், மில்லிக் கோடு போட்ட சின்னப் பிளாஸ்டிக் குவளை மொத்தமாக வாங்கினால் மலிவுதான். நிரந்தர மையில் 40 மில்லிக் கோட்டை நீங்களே தடித்துப்போட்டுக் கொடுத்துவிடுங்கள். போத்தல் மூடியை மட்டும் நம்பினால் போதாது. மூடிக்குள் இருக்கும் கோடு அதே பிளாஸ்டிக் நிறத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பலர் மூடி நிறைய ஊற்றிவிடுகிறார்கள். குவளை இல்லாத வீட்டில் 15 மில்லி பிடிக்கும் மேசைக்கரண்டியால் இரண்டரைக் கரண்டி. மெஷின் பாதிதான் நிறைந்திருந்தால் அதிலும் பாதிக்குச் சற்றுக் கூட, 25 மில்லி போதும். சேறு பட்ட பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, பட்டறை உடை என்றால் 60வரை போகலாம்.

மொத்த வியாபாரியிடம் வாங்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள்: ஒரு துவைப்புக்கு எத்தனை மில்லி, நொதி இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன, கசிந்த போத்தலை மாற்றித் தருவாரா. கடைசியில் சொன்னதை லேசாக எண்ண வேண்டாம். இதில் கசிந்த ஒவ்வொரு மில்லியும் இரட்டிப்பு நட்டம். சரக்கைக் கடை முன்வராந்தாவில் வெயில் படும்படி அடுக்காதீர்கள். மத்தியான வெயிலில் நாள்கணக்கில் காய்ந்தால் நொதி செத்துப்போகும், நிறமும் வெளுக்கும். செறிவான தூள் நம் ஈரக்காற்றில் சாதாரணத் தூளைவிடச் சீக்கிரம் கட்டிப்போகும். பொட்டலம் பிரித்தவுடன் இறுக்கமான டின்னில் கொட்டிவைக்கச் சொல்லுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிளாஸ்டிக் குறைகிறது, அட்டைப்பெட்டி குறைகிறது, லாரியில் தண்ணீர் சுமந்து வரும் வீண் செலவு குறைகிறது, இவை உண்மை. சாக்கடைக்குப் போகும் சவர்க்காரப் பொருள் பாதியாகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு துவைப்புக்குத் தேவையான சவர்க்காரம் ஏறக்குறைய அதேதான். அளவு மீறினால் முன்பைவிட அதிகமாகவே போகும்.

கரையும் உறைக்குள் திரவம் அடைத்த சவர்க்கார உருண்டைகளையும் எடுக்கச் சொல்லி வியாபாரி வற்புறுத்தினால், அவை கல்லாவுக்குப் பின்னால், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மிட்டாய்போல் தெரியும் அந்த உருண்டைக்குள் இருப்பது மிகவும் செறிவான திரவம். கடித்தால் தொண்டைக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கும் ஆபத்து. கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, வாயைக் கொப்பளிக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணைப் பார்த்துக் கல்லா அருகில் ஒட்டிவையுங்கள்.

கையால் துவைக்கும் வயதான வாடிக்கையாளர்களை மட்டும் இந்த மாற்றத்துக்குள் இழுக்க வேண்டாம். மெஷினுக்கான செறிவான திரவத்தில் நுரையடக்கி சேர்த்திருப்பார்கள்; வாளியில் நுரை எழாததைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றுவார்கள். பிறகு கைத்தோல் வறண்டு வெடிக்கும், அலசித் தீராது. அவர்களுக்குச் சவர்க்காரக் கட்டியும் சாதாரணத் தூளின் சின்னப் பொட்டலமும் எப்போதும் போல இருக்கட்டும். செறிவானதைத்தான் வாங்குவேன் என்பவருக்கு, ஐந்து லிட்டர் வாளிக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி, அதற்கு மேல் வேண்டாம் என்று போத்தலின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.